இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி

1990இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் சந்தைக்கு வந்தபோது அதற்கு எதிரே நின்ற கார் ஃபெராரி 348. தாளில் உள்ள எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு முடிவு எளிதாகவே இருந்திருக்கும்: ஃபெராரியின் 3.4 லிட்டர் வி8 எஞ்சின் ஏறத்தாழ 300 குதிரைத்திறன் தந்தது. ஹோண்டாவின் 3 லிட்டர் வி6 எஞ்சின் 270 தந்தது. ஆனால் அலுமினிய உடற்கூடும், பழகுவதற்கு எளிதான கிளட்சும், நாற்புறமும் தெளிவாகத் தெரியும் ஓட்டுநர் இருக்கையும், நாள்தோறும் ஓட்டினாலும் மக்கர் செய்யாத எஞ்சினும் சேர்ந்து, அந்த வகைக் கார்களிடம் வாங்குபவர்கள் எதிர்பார்ப்பதையே மாற்றிவிட்டன. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் முர்ரே தாமே ஒரு என்எஸ்எக்ஸ் வைத்து ஓட்டியதோடு, அதன் ஓட்டத்தையும் திருப்பங்களில் அது நடந்துகொள்ளும் விதத்தையும் தம் காருக்கு அளவுகோலாகக் கொண்டார். பராமரிப்பிலும் வேறுபாடு பெரிது: 348இல் எஞ்சினின் உள்ளுறுப்புகளை ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே காரிலிருந்து வெளியே இறக்க வேண்டும், ஹோண்டாவில் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதனால் எண்கள் பொய் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு எண்ணும் ஒரு நிபந்தனையின் கீழ் அளக்கப்பட்டது. அந்த நிபந்தனை என்ன என்பதை அறியாமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் பிழை. இரண்டு கார்களையும் ஒரே நிபந்தனைக்குள், அதுவும் நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் நிபந்தனைக்குள் கொண்டுவருவதே ஒப்பீட்டு வேலையின் பெரும்பகுதி. அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு தாளில், அந்தக் கார் ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அதில் எத்தனை நாள் பந்தயத்தடத்தில் ஓடும், மழையில் ஓடுமா, உடன் ஒருவர் பயணிப்பாரா, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால், கடைசியில் அதிகம் விளம்பரப்படுத்தப்பட்ட எண்ணே வெல்லும்.

திறனும் எடையும்

திறனை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் பி.எஸ். என்னும் மெட்ரிக் குதிரைத்திறனில் சொல்கின்றன. அமெரிக்க நிறுவனங்கள் வேறு குதிரைத்திறனில் சொல்கின்றன. முதலாவது 0.7355 கிலோவாட், இரண்டாவது 0.7457 கிலோவாட். வேறுபாடு ஏறத்தாழ 1.4 விழுக்காடுதான் என்றாலும், 500க்கு மேற்பட்ட எண்களில் அதுவே 7 குதிரைத்திறனாகிவிடும். எல்லாவற்றையும் கிலோவாட்டுக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

அறிவிக்கப்பட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதற்கு ஜப்பானே சான்று. அங்குள்ள நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1989 முதல் 2004 வரை தம் உள்நாட்டுக் கார்களின் திறனை 280 பி.எஸ். எனும் எல்லைக்குள்ளேயே அறிவித்தன. அந்தக் காலத்து டொயோட்டா சுப்ரா, நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை அதைவிட அதிகம் தந்தன என்பது, சக்கரங்களைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே சக்கரத்தில் அளந்த திறன் கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆனால் இரண்டு கார்களும் ஒரே டைனோவில், ஒரே நாளில் அளக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்த ஒப்பீடு செல்லும்.

எடையில்தான் ஏமாற்றம் அதிகம். எண்ணெயும் எரிபொருளும் இல்லாமல் சொல்லப்படும் உலர் எடை ஒன்று. எரிபொருள் தொட்டி 90 விழுக்காடு நிரம்பிய நிலையில், ஓட்டுநர் இல்லாமல் அளக்கும் ஜெர்மானிய முறை மற்றொன்று. அதற்கு மேல் ஓட்டுநருக்கும் சிறு சுமைக்குமாக 75 கிலோ சேர்க்கும் ஐரோப்பிய ஒன்றிய முறை இன்னொன்று. ஒரு காரின் உலர் எடையை மற்றொன்றின் ஐரோப்பிய எடையோடு வைத்துப் பார்த்தால், இல்லாத வேறுபாடு 100 கிலோவுக்கும் மேலாகத் தோன்றிவிடும்.

இரண்டு கார்களின் எடையையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகு, ஓட்டுநரையும் சேர்த்தே திறன்-எடை விகிதத்தைக் கணக்கிடுங்கள். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் 725 கிலோ எடையும் 118 குதிரைத்திறனும் கொண்டது. அதாவது டன்னுக்கு 163 குதிரைத்திறன். உள்ளே 75 கிலோ மனிதர் அமர்ந்தவுடன் அது 147 ஆகிறது. ஏறத்தாழ 2,160 கிலோ எடையும் 1,020 குதிரைத்திறனும் உள்ள டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் அதே மனிதர் அமர்ந்தால் 472 என்பது 456 ஆகக் குறைகிறது. முதற்காரில் இழப்பு 10 விழுக்காட்டை நெருங்குகிறது. இரண்டாவதில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இலகுவான கார் எடைக்கு எவ்வளவு நுட்பமாக எதிர்வினை காட்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எஞ்சின் சுழற்றும் விசையான முறுக்குவிசையில் உச்ச எண்ணைவிட அது எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதே முதன்மையானது. டொயோட்டாவின் பழைய ஜிடி 86 காரில் 205 நியூட்டன் மீட்டர் உச்ச விசை நிமிடத்துக்கு 6,400 சுழற்சிக்கு மேல்தான் வந்தது. 2021இல் அறிமுகமான ஜிஆர் 86இல் எஞ்சின் 2.4 லிட்டராகப் பெருத்தது; ஏறத்தாழ 250 நியூட்டன் மீட்டர் 3,700 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. திறன் கூடியது ஏறத்தாழ 17 விழுக்காடுதான். ஆனால் திருப்பத்தைக் கடந்து மூன்றாம் கியரில் மிதிக்கும்போது அது வேறு கார். இதை அறிய, ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கிறது என்று காட்டும் விசைக்கோட்டு வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் சுழற்சிப் பரப்பில் எந்தக் கோடு உயர்ந்திருக்கிறது என்பதே உங்களுக்குரிய விடை.

உயரமான பகுதியில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டர்போ எஞ்சின் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்ளும்.

0 முதல் 100 வரை

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நேரம் என்னும் இந்த ஓர் எண்ணைப் போல அதிகம் பேசப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் வேறில்லை. அமெரிக்க அளவீடு மணிக்கு 60 மைல் வரை, அதாவது 96.6 கிலோமீட்டர் வரை. பிற நாடுகளில் பெரும்பாலும் 100 வரை. சில கார்களில் அந்த 3.4 கிலோமீட்டர் இடைவெளிக்குள் ஒரு கியர் மாற்றம் வந்துவிழும். மேலும் அமெரிக்கச் சோதனைகளில் கார் முதல் ஓர் அடி, அதாவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்கும் வழக்கம் உண்டு. இதனால் 0.2 முதல் 0.3 வினாடி வரை மிச்சமாகிறது. டெஸ்லா தன் பிளெய்டுக்குச் சொல்லும் 1.99 வினாடி இப்படி அந்த ஓர் அடியைக் கழித்த கணக்குத்தான். அதை நிறுவனமே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல், நின்ற நிலையிலிருந்து அளந்த மற்றொரு காரின் எண்ணோடு ஒப்பிட்டால் குற்றம் நம்முடையது.

தொடக்க வேகம் பெரும்பாலும் டயரின் பிடிமானத்தையும், நான்கு சக்கர இயக்கத்தையும், புறப்படும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் லாஞ்ச் கன்ட்ரோல் மென்பொருளையும் பொறுத்தது. எஞ்சினின் உண்மையான வலிமையை அறிய 100 முதல் 200 வரை ஆகும் நேரத்தையோ, கால் மைல் தூரத்தின், அதாவது 402 மீட்டரின் முடிவில் கார் எட்டிய வேகத்தையோ பாருங்கள். புறப்படும்போது சக்கரம் வழுக்கினால் கால் மைல் நேரம் கெடும். முடிவு வேகம் அவ்வளவாகக் கெடாது. அன்றாடச் சாலைக்கு 80 முதல் 120 வரை ஆகும் நேரம் இவற்றைவிடப் பொருத்தமானது.

கையால் கியர் மாற்றும் கார்களை இந்த அளவுகோலால் தள்ளிவிடாதீர்கள். 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் 100ஐ 3.4 வினாடியில் எட்டுகிறது. கைக் கியரோ 3.9 வினாடி எடுத்துக்கொள்கிறது, ஆனால் 17 கிலோ இலகுவானது. அரை வினாடி தாமதமான அந்தக் கியர்பாக்ஸையே தேடிச் செல்வோர் பலர். ஏன் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. ஓட்டினால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டயர், பிரேக், வெப்பம்

ஒப்பீடுகளில் அதிகம் மறக்கப்படுவது டயர். எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு கிடைத்தால், அந்தச் சோதனைக் காரில் என்ன டயர் இருந்தது என்றுதான் கேட்பேன். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் சாலைக்கான டயர். பைலட் ஸ்போர்ட் கப் 2 பந்தயத்தடத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. இரண்டும் சாலைக்கு உரிமம் பெற்றவையே. ஒரு காரில் முதலாவதும் எதிர்க்காரில் இரண்டாவதும் இருந்தால், பக்கவாட்டுப் பிடிமானத்திலும் பிரேக் தூரத்திலும் சுற்று நேரத்திலும் நீங்கள் காணும் வேறுபாட்டில் பெரும்பங்கு ரப்பருடையது. அதைக் காருக்குரிய பெருமையாக எழுதிவிடக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் தேய்மான எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறைய டயர் பொதுவாக மென்மையாகவும் விரைவில் தேய்வதாகவும் இருக்கும். அந்த எண்ணை நிறுவனங்களே நிர்ணயிப்பதால், இரு வேறு நிறுவனங்களுக்கிடையே அதை ஒரு குத்துமதிப்பாகவே கொள்ள வேண்டும். அதே சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கும்போது, பிடிமானம் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

பிரேக் தூரத்தில் 3 மீட்டர் வேறுபாடு சிறியது என்று தோன்றும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு கார் 33 மீட்டரிலும் மற்றொன்று 36 மீட்டரிலும் நிற்கின்றன என்று வையுங்கள். முதற்கார் முழுமையாக நின்ற அந்தப் புள்ளியில் இரண்டாவது கார் இன்னும் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். சாலையில் அது மோதலுக்கும் தப்பித்தலுக்கும் இடையிலான வேறுபாடு.

ஒருமுறை நிற்பது வேறு, தொடர்ந்து இருபது முறை நிற்பது வேறு. ஒரே வேகத்தில் செல்லும்போது காரின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். 1,100 கிலோ காரோடு ஒப்பிட்டால் 1,700 கிலோ காரின் பிரேக் ஒவ்வொரு முறையும் 55 விழுக்காடு கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். கார்பன்-செராமிக் பிரேக் இதைத் தாங்கும்; வார்ப்பிரும்புத் தட்டைவிட எடையில் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் மாற்ற வேண்டி வந்தால் செலவு மிக அதிகம். தடத்துக்கே செல்லாதவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

எஞ்சினுக்கும் இதே கேள்வி உண்டு. 2015ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலே கார்வெட் இசட்06 காரில், டர்போவைப் போலக் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜருடன் கூடிய வி8 எஞ்சின் 650 குதிரைத்திறன் தந்தது. ஒற்றைச் சுற்றில் அதன் எண்கள் வியக்கத்தக்கவை. ஆனால் தடத்தில் தொடர்ந்து ஓட்டியவர்கள் அது அளவுக்கு மீறிச் சூடாகித் திறனைக் குறைத்துக்கொள்கிறது என்று முறையிட்டார்கள், வழக்குகளும் தொடுக்கப்பட்டன, 2017 மாடலில் குளிர்விப்புக்கான மாற்றங்கள் செய்யப்பட்டன. எனவே சோதனை அறிக்கையில் மிகச் சிறந்த சுற்று எது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஐந்தாம் சுற்றிலும் எட்டாம் சுற்றிலும் என்ன நடந்தது என்பதையும் தேடுங்கள்.

சுற்று நேரம் சொல்வதும் சொல்லாததும்

2008இல் நிஸான் தன் ஜிடி-ஆர் கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தை 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றியதாக அறிவித்தது. போர்ஷே அதே மாடல் கார் ஒன்றை வாங்கித் தன் ஓட்டுநரைக் கொண்டு ஓட்டிப் பார்த்து, தனக்குக் கிடைத்தது 7 நிமிடம் 54 வினாடி என்றது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க இதைச் சொல்லவில்லை. ஒரே மாடல், ஒரே தடம், ஆனால் வேறு ஓட்டுநர், வேறு நாள், வேறு டயர் என்றால் 25 வினாடி வரை இடைவெளி விழக்கூடும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு போட்டிக் கார்களுக்கிடையே 3 வினாடி வேறுபாட்டை வைத்து வாதிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தடத்தின் நீளமே மாறியிருக்கலாம். அங்கே முன்பு 20.6 கிலோமீட்டர் நேரத்தைச் சொல்வது வழக்கம். 2019 முதல் 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்றே அதிகாரபூர்வ அளவு. 2021இல், போர்ஷே கார்களை மேம்படுத்தித் தரும் மாந்தை நிறுவனத்தின் மேம்பாடுகளோடு ஓடிய 911 ஜிடி2 ஆர்எஸ் கார் ஒரே ஓட்டத்தில் சிறிய அளவுக்கு 6 நிமிடம் 38.8 வினாடியும், முழு அளவுக்கு 6 நிமிடம் 43.3 வினாடியும் பதிவு செய்தது. பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் அறியாமல் ஒப்பிட்டால் இந்த நாலரை வினாடி காரின் மீது ஏறிவிடும்.

ஆகவே நிறுவனங்கள் தாமே அறிவிக்கும் நேரங்களை விட்டுவிட்டு, ஒரே ஓட்டுநர் ஒரே நாளில் இரண்டு கார்களையும் ஓட்டிய சுதந்திரமான சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தகைய சோதனை ஒன்று, தனித்தனியே நடந்த பத்துச் சோதனைகளைவிட மேலானது.

நீங்களே ஓட்டிப் பார்க்கும்போது

இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்ட ஏற்பாடு செய்யுங்கள். முதற்கார், இரண்டாம் கார், மீண்டும் முதற்கார் என்ற வரிசையில் ஓட்டுவது மிக முக்கியம். திறன் மிக்க காரிலிருந்து இறங்கியவுடன் மற்றது மந்தமாகத் தோன்றும். அந்தத் தோற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மூன்றாவது ஓட்டம் காட்டிவிடும். இறங்கியவுடன், யாரோடும் பேசும் முன், மனத்தில் பட்டதை எழுதிவையுங்கள்.

புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்து, நிறுவனம் குறிப்பிட்ட அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங் தெளிவில்லாமல் இருக்கிறது என்று நான் ஒருமுறை ஒதுக்கிய காரின் முன்பக்க டயர் ஒன்றில் காற்று மிகக் குறைவாக இருந்தது பிறகுதான் தெரிந்தது. சரிசெய்த பின் ஓட்டியபோது நான் எழுதிய குறிப்பு முற்றிலும் தவறாகிப்போனது.

அதிவேகம் தேவையில்லை. மேடுபள்ளமான சாலையில் ஒரு திருப்பத்தை மிதமான வேகத்தில் கடந்து, பாதி வழியில் மேடு வரும்போது கார் தன் பாதையிலேயே நிற்கிறதா, தள்ளாடுகிறதா என்று பாருங்கள். பிரேக்கை மென்மையாக அழுத்தும்போது காலுக்கு உறுதி கிடைக்கிறதா, பிரேக்கை மிதித்தபடியே கியர் குறைக்கும்போது அதே காலின் குதிகால் ஆக்சிலேட்டரை எட்டுமா, நெரிசலில் கிளட்ச் காலை வலிக்கச் செய்கிறதா, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பின் இருக்கை முதுகைத் தாங்குகிறதா என்பவை, நீங்கள் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கப்போகும் செயல்திறன். நிபுணர் ஒருவர் கையில் 2 வினாடி வேகமாக ஓடும் கார், உங்கள் கையில் நம்பிக்கை தராமல் மெதுவாகவே ஓடினால், உங்களுக்கு அது மெதுவான கார்தான்.

பணத்துக்கு என்ன கிடைக்கிறது

விலையைக் குதிரைத்திறனால் வகுத்து மதிப்பைச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கார் வாங்குபவர் இழக்கும் பணம் வாங்கிய விலை அன்று. வைத்திருந்த காலத்தில் கரைந்துபோன தொகை.

அதற்கு முன், சோதனை செய்யப்பட்ட காரின் விலையையே எடுத்துக்கொள்ள வேண்டும். 2020 மாடல் கார்வெட் சி8 மணிக்கு 60 மைலை 2.9 வினாடியில் எட்டும் என்று சொல்லப்பட்டது இசட்51 தொகுப்போடு சேர்ந்த காருக்கு. பெரிய பிரேக்கும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் மின்னணுக் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியலும், கூடுதல் குளிர்விப்பும், வேறு டயரும் அந்தத் தொகுப்பில் அடக்கம். எண்ணைத் தொகுப்புள்ள காரிலிருந்தும் விலையைத் தொகுப்பில்லாத காரிலிருந்தும் எடுப்பது ஒப்பீட்டில் மிகச் சாதாரணமாக நிகழும் தவறு.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அ என்ற காரின் விலை 100 பங்கு, ஆ என்ற காரின் விலை 75 பங்கு. நான்கு ஆண்டுக்குப் பின் அ 70 பங்குக்கும் ஆ 38 பங்குக்கும் விற்கின்றன என்று கொண்டால், மதிப்பிழப்பு முறையே 30, 37. விலை உயர்ந்த காரே குறைவாக இழந்தது. பராமரிப்பு, டயர், காப்பீடு ஆகியவற்றுக்கு அ காருக்கு 16, ஆ காருக்கு 8 என்றால் மொத்தம் 46, 45. அ காரில் கூடுதலாக முடங்கிய 25 பங்குக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்று வைத்தால் இன்னும் 5 சேரும். அ 51, ஆ 45. நான்கில் ஒரு பங்கு மலிவாகத் தெரிந்த கார், உண்மையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மலிவு. இந்தத் தொகைகளை நீங்கள் ஓட்டப்போகும் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும் 15,000 ஓட்டுபவருக்கும் வேறு வேறு விடை வரும்; ஏனெனில் மறுவிற்பனை மதிப்பு ஓடிய தூரத்தைப் பொறுத்து மாறும்.

மறுவிற்பனை விலையை ஊகிக்காமல், அதே மாடலின் நான்கு ஆண்டுப் பழைய கார்கள் இன்று என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து எடுங்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்தவை, கைக் கியர் உள்ளவை, டர்போ இல்லாத கடைசித் தலைமுறை எஞ்சின் கொண்டவை மதிப்பைத் தக்கவைக்கும் போக்கு உண்டு. ஆனால் அதை முதலீடாக எண்ணி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பந்தயத்தடத்தில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா, காப்பீடு பொருந்துமா என்பதை எழுத்து வடிவில் பெறுங்கள். பல காப்பீடுகள் தடத்தில் நேரும் விபத்தை ஏற்பதில்லை.

எல்லாக் கணக்கும் முடிந்த பின் இரண்டு கார்களின் மொத்தச் செலவும் 5 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால், பணத்தால் முடிவு செய்ய முயலாதீர்கள். தொடக்கத்தில் எழுதிய தாளை எடுத்து, அதில் அதிக நாட்களை நிரப்பும் பயன்பாடு எதுவோ அந்தச் சூழலில், அது மழையென்றால் மழையில், உடன் வருபவரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.